வீக்கத்தைப் படித்த வித்தகர் பெர்சிவல் பாட்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

ஆண்டு மலருக்கு உலகம் போற்றும் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு எங்கள் தமிழ்ப் பேராசிரியர் பணித்தார். வகுப்பு நண்பர்கள் ஆளுக்கொரு தலைவரின் பெயரைச் சொல்லி முந்திக்கொண்டார்கள். என் முறை வந்தபோது நான் பெர்சிவல் பாட் என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவர் யார், எந்த நாட்டவர், என்ன செய்தார் என்று பேராசிரியர் வினவினார். கி.பி. 1714-இல் இலண்டன் மாநகரில் பிறந்து 1788-இல் மறைந்த அறுவை மருத்துவர் என்றேன். மருத்துவம் படிப்போர் அனைவரும் அறிந்த அப்பெயரை ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில், என் தம்பியின் கட்டிலருகே நின்றபோதுதான் முதன்முதலாகக் கேட்டேன் என்றும் சொன்னேன். அப்படியானால் அதையே எழுது என்று அனுமதி தந்தார்.

எங்கள் வீடு ஓசூருக்கும் சூளகிரிக்கும் இடையே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் இருக்கிறது. தந்தையார் கிரானைட் பட்டறையில் கல்லுக்குப் பாலிஷ் போடும் தொழிலாளி. தாயார் ரோஜாத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்தான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நான் செய்த ஒரு தவற்றுக்கு இதுவே காரணமாயிற்று. சென்ற ஆண்டு தை மாதம், பனி கொட்டிய நாட்களில், ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் தம்பிக்குச் சளி பிடித்தது. இரண்டு வாரமாகியும் விடவில்லை. அதற்கிடையே ஒருநாள் கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து அவன் நெற்றியில் பட்டது. நான்கைந்து நாள் கழித்து, இரு புருவங்களுக்கும் நடுவில் சற்று மேலாக, எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தாற்போல் ஒரு வீக்கம் எழும்பியது. பந்து பட்ட வீக்கம்தான், தானே வடிந்துவிடும் என்று நான் தீர்ப்புக் கூறினேன். படித்த பிள்ளை சொல்கிறான் என்று வீட்டில் அனைவரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். பாட்டி மட்டும், ஊசியைப் பழுக்கக் காய்ச்சி ஒரு சூடு போட்டால் போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு வாரம் போயிற்று. தலைவலி, காய்ச்சல், வாந்தி. இடக்கண் இமை வீங்கி மூடிக்கொண்டது. அருகிலிருந்த ஒரு மருத்துவ விடுதியில் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அன்றிரவு தம்பி என்னைப் பார்த்து யாரோ ஒருவன் பெயரைச் சொல்லி அழைத்தான். எங்களுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. எங்கள் பக்கத்து மக்களுக்கு மாநில எல்லை என்பது அத்திப்பள்ளியில் பேருந்து சற்று நின்று போகும் இடம், அவ்வளவே. உயிருக்கு ஆபத்தென்றால் சேலத்துக்கோ சென்னைக்கோ போகமாட்டோம்; பெங்களூருக்குத்தான் ஓடுவோம். விடியுமுன் ஓடினோம். அங்கே ஓர் இளம் மருத்துவர் தம்பியின் நெற்றி வீக்கத்தை ஒற்றை விரலால் மெல்ல அழுத்தி எடுத்தார். கேழ்வரகுக் களியில் விரல் பதித்ததுபோல் அங்கே ஒரு குழி விழுந்து நின்றது. அவர் முகம் மாறியது. உடனே பெரிய மருத்துவரை அழைத்தார். இருவரும் ஆங்கிலத்திலும் கன்னடத்திலுமாகப் பேசியதில் பாட், பாட் என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. இந்த நேரத்தில் இவர்களுக்கென்ன பாட்டு என்று அம்மா கண்கலங்கிக் கேட்டார். கன்னடம் தெரிந்த அப்பா விசாரித்து வந்து, அது ஒரு மனிதரின் பெயராம், இந்த வீக்கத்துக்கே அவர் பெயர்தானாம் என்றார்.

ஒரு வீக்கத்துக்கு ஒரு மனிதரின் பெயரா! அவர் யார் என்று தேடத் தொடங்கியது அன்றுதான். தேடியதில் கிடைத்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பெர்சிவல் பாட் பிறந்தது 1714-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், இலண்டனின் திரெட்நீடில் தெருவில். இன்று இங்கிலாந்து வங்கி நிற்கும் பகுதி அது. தந்தையார் பத்திரம் எழுதும் தொழிலர். பிள்ளை நடக்கப் பழகிய சில ஆண்டுகளிலேயே அவர் இறந்துபோனார். விட்டுச் சென்ற செல்வம் ஒன்றும் பெரிதில்லை. உறவினரான பாதிரியார் ஒருவர், பின்னாளில் ராச்செஸ்டர் நகரின் ஆயராக விளங்கியவர், குடும்பத்துக்குக் கைகொடுத்தார். பையனும் சமயப் பணிக்கு வந்தால் வாழ்க்கைக்கு உறுதி உண்டு என்பது வீட்டார் எண்ணம். பையனோ கத்தியைக் கையிலெடுக்கவே விரும்பினான். 1729-இல், தமது 15-ஆம் வயதில், புனித பார்த்தலோமியோ மருத்துவமனையைச் சேர்ந்த எட்வர்டு நூர்ஸ் என்னும் அறுவை மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அதற்குச் செலுத்திய கட்டணம் 210 பவுன். தந்தையற்ற குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகையாக இருந்திருக்கும்! முதற்பருவக் கட்டணத்துக்கு அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்த நாள் எனக்கு நினைவுக்கு வந்தது.

அக்காலத்தில் அறுவை மருத்துவத்தைப் படிப்பு என்றே எவரும் கருதவில்லை. இலண்டனில் முடிதிருத்துவோரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கத்தின் உறுப்பினர்கள். நம் நாட்டிலும் முடிதிருத்தும் குடியினரே ஊர் மருத்துவராகவும், அவ்வில்லத்துப் பெண்டிர் மருத்துவச்சியராகவும் இருந்ததை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நூர்ஸ் உடற்கூற்றியல் விரிவுரைகள் நடத்திவந்தார். அவற்றுக்கு வேண்டிய உடல்களை அறுத்து, நரம்பு வேறு, தசை வேறாகப் பிரித்து ஆயத்தம் செய்வது சீடரின் வேலை. ஏழாண்டுகள் அந்த வேலையைச் செய்தார் பாட். மனித உடலின் உள்ளமைப்பு அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனியாயிற்று. 1736-இல் தேர்ச்சிப் பட்டயம் பெற்றார். 1745-இல் முடிதிருத்துவோர் சங்கமும் அறுவை மருத்துவர் சங்கமும் தனித்தனியே பிரிந்தன. ஏறக்குறைய அதே வேளையில் பாட் தம் பழைய மருத்துவமனையிலேயே துணை அறுவை மருத்துவராக அமர்ந்து, 1749-இல் முழுப் பொறுப்பும் பெற்றார்.

அந்நாளைய அறுவைக் கூடம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஈதர் என்னும் மயக்க மருந்து வந்ததே 1846-இல்தான். கிருமி என்ற ஒன்றை எவரும் அறியார். நோயாளியை நான்கு பேர் பிடித்துக்கொள்வார்கள். மருத்துவர் எவ்வளவு விரைவாக அறுக்கிறாரோ அவ்வளவுக்கு அவர் கெட்டிக்காரர். குருதியை நிறுத்தவும் புண்ணை ஆற்றவும் பழுக்கக் காய்ச்சிய இரும்பு எந்நேரமும் ஆயத்தமாக இருக்கும். பாட் பணியேற்ற காலத்தில் அந்தச் சூட்டுக்கோல் அன்றாட வழக்கம். அது தேவையற்ற கொடுமை என்று கண்டு, மெல்ல மெல்ல அவ்வழக்கத்தை ஒழித்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. இதைப் படித்த அன்று நான் பாட்டியிடம் சொன்னேன். இருநூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே ஒரு வெள்ளைக்காரர் சூடு போடுவதை விட்டுவிட்டாராம் என்றேன். பாட்டி நம்பவில்லை.

1756-ஆம் ஆண்டுச் சனவரியில் அவர் வாழ்வையே திசைதிருப்பிய நிகழ்ச்சி நேர்ந்தது. தேம்சு ஆற்றின் தென்கரையில் கென்ட் சாலை வழியே குதிரைமீது போய்க்கொண்டிருந்தவர் கீழே தூக்கி எறியப்பட்டார். கீழ்க்கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியது. அத்தகைய முறிவுக்கு அக்காலத்தில் ஒரே மருந்து காலை வெட்டி எடுப்பது. எடுத்த பின்னும் பிழைப்பவர் சிலரே. சூழ்ந்துநின்றவர்கள் அவரைத் தூக்கி வண்டியில் ஏற்ற முற்பட்டார்கள். அவர் தம்மைத் தொடவே விடவில்லை. முறிந்த எலும்பு வண்டியின் குலுக்கலில் இன்னும் தசையைக் கிழிக்கும் என்று அவர் அறிவார். மூடுபல்லக்குச் சுமக்கும் ஆட்கள் இருவரை, அவர்களுடைய தண்டுகளோடு அழைத்துவரச் சொல்லி ஆளனுப்பினார். அவர்கள் வரும்வரை பனிக்காலத் தரையிலேயே கிடந்தார். கிடந்தபடியே அருகில் ஒரு கதவை விலைபேசி வாங்கினார்! தண்டுகளைக் கதவில் ஆணியடித்துப் பிணைக்கச் செய்து, அதன்மேல் தம்மைக் கிடத்தச் சொல்லி, இலண்டன் பாலத்தைக் கடந்து வாட்லிங் தெருவிலிருந்த தம் வீடுவரை ஆடாமல் அசையாமல் சுமந்துவரச் செய்தார். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு நிற்கையில் கதவு விலை பேசிய அந்த மனத்திண்மையை என்னென்பது!

வீட்டில் மருத்துவர்கள் கூடினார்கள். காலை எடுப்பது என்று முடிவாயிற்று. பாட்டும் இணங்கிவிட்டார். கருவிகள் பரப்பி வைக்கப்பட்டன. அந்த வேளையில் முதியவரான நூர்ஸ் வந்து சேர்ந்தார். முறிவைப் பார்த்தார். எலும்பை உள்ளே தள்ளிப் பொருத்தினால் காலைக் காக்க வழியுண்டு என்றார். அவ்வாறே செய்தார்கள். கால் பிழைத்தது. பதினைந்து வயதில் 210 பவுன் கட்டிச் சேர்ந்த ஆசிரியர், இருபத்தேழு ஆண்டு கழித்து, அரை மணி தாமதமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெங்களூர் மருத்துவமனையில் அந்த இளம் மருத்துவர் தம் விரலால் அழுத்திப் பார்க்காமல் எங்களைத் திருப்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல இரவுகள் எண்ணியதுண்டு. அதனால்தானோ என்னவோ, பாட்டின் வரலாற்றில் இந்தப் பகுதியை மட்டும் பலமுறை படித்தேன். (பாட் முறிவு என்று மருத்துவ நூல்களில் வருவது கணுக்கால் முறிவு. அவர் தம் நூலில் விளக்கிய வேறொன்று அது. அவருக்கே நேர்ந்த முறிவு அதுவென்று பலர் தவறாகக் கருதுகிறார்கள்.)

படுக்கையில் கிடந்த அந்த மாதங்களில்தான் பாட் எழுத்தாளரானார். அதுவரை அவர் எழுதியது மிகக் குறைவு. அதே 1756-இல் குடலிறக்க நோய் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அதன்பின் எழுதுகோல் நிற்கவே இல்லை. நாற்பது வயதைக் கடந்து, கால் முறிந்து கிடந்து, அதன்பின் எழுதத் தொடங்கி உலகப் புகழ் எய்தியவர் அவர்.

1760-இல் தலைக்காயங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். என் தம்பியின் நெற்றிக்கும் அவருக்கும் உறவு ஏற்படுவது இந்நூலில்தான். தலையில் அடிபட்டவர்கள் பலரைப் பாட் நாள்தோறும் கவனித்துவந்தார். சிலருக்கு முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியாது, எழுந்து நடமாடுவார்கள். பிறகு தலைவலி, காய்ச்சல், குளிர்நடுக்கம் வரும். அதன்பின் தலையில் ஓரிடத்தில் மெத்தென்று, எல்லை தெளிவாக, ஒரு வீக்கம் எழும்பும். அவ்விடத்தைக் கீறிப் பார்த்தால் எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு தானே கழன்று நிற்கும்; எலும்பு நிறம் மாறியிருக்கும். அத்தோடு பலர் நின்றிருப்பார்கள். பாட் நிற்கவில்லை. எலும்பைத் துளைத்து உள்ளே பார்த்தபோது, அதற்கு நேர் உட்புறத்தில், எலும்புக்கும் மூளையுறைக்கும் இடையே சீழ் கட்டியிருந்ததைக் கண்டார். ஆகவே வெளியே தெரியும் அந்த மெத்தென்ற வீக்கம், உள்ளே இன்ன இடத்தில் சீழ் இருக்கிறது என்று உடலே எழுதி ஒட்டிய அறிவிப்பு என்று தெளிந்தார். அந்த இடத்தில் வட்ட வாள் கொண்டு மண்டையோட்டைத் துளைத்துச் சீழை வடித்தார். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல்; சி.டி. ஸ்கேன் கொண்டு முதல் நோயாளியைப் படமெடுத்தது 1971-இல், அதுவும் இலண்டனில்தான். இவை எதுவுமின்றி, விரலையும் கண்ணையும் மட்டுமே நம்பி மண்டைக்குள் இருப்பதைச் சொன்னார் பாட். அந்த வீக்கத்துக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் ஒன்றில் அவர் கணக்குத் தவறியது. அடிபட்டதே இதற்கெல்லாம் காரணம் என்று அவர் கருதினார். அடிபடாமலும் இது வரும் என்பதும், இத்தகைய வீக்கங்களில் பெரும்பாலானவை நெற்றி எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையின் நோயால் வருபவை என்பதும் பின்வந்தோர் கண்டறிந்தவை. சைனஸ் என்றால் மூக்கடைப்பும் தலைபாரமும் என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மூக்கைச் சுற்றிய எலும்புகளில் காற்று நிரம்பிய அறைகள் உண்டு. கன்னத்து எலும்பில் உள்ளதை நத்தானியேல் ஹைமோர் என்பவர் 1651-லேயே விரிவாக எழுதிவிட்டார். நெற்றியில் உள்ள அறை பிறக்கும்போது இருப்பதில்லை. ஆறேழு வயதில் தலைகாட்டி, பதின்பருவம் முழுதும் வளர்கிறது. அதைச் சுற்றியுள்ள எலும்பு, இரண்டு தட்டுகளுக்கு நடுவே பஞ்சு வைத்தாற்போன்றது. அந்தப் பஞ்சில் ஓடும் நுண்ணிய சிரைகளுக்கு அடைப்பிதழ்கள் கிடையாது. எனவே குருதி முன்னும் போகலாம், பின்னும் போகலாம். அதோடு நோய்க்கிருமியும் போகலாம். வளரும் பையன்களுக்கு இந்தச் சிரைகளில் குருதியோட்டம் மிகுதி. முன்தட்டு அரிக்கப்பட்டால் நெற்றியில் வீக்கம். பின்தட்டின் வழியே போனால் மூளையுறையின்மேல் சீழ். சளி பிடித்த பையனுக்கு நெற்றியில் மெத்தென்ற வீக்கம் வந்தால் அது ஏன் ஆபத்து என்பது இதனால் விளங்கும்.

பென்சிலின் முதலிய மருந்துகள் வந்தபின் இந்நோய் அரிதாகிவிட்டது. அரிதானதால் காண்போரும் குறைந்து, கண்டவுடன் அறிவோரும் குறைந்துவிட்டார்கள். சைனஸ் நோய் இன்னும் பல வேடங்களில் வரும் என்று படித்தேன். பல்வேரின் சீழ் மேலேறிக் கன்னத்து அறையை நிரப்பும். அடைபட்ட அறையில் சளி கோத்துப் பல ஆண்டுகளாக மெல்ல ஊதி, கண்விழியையே ஒருபுறம் தள்ளும். நோயாளி கண் மருத்துவரைத் தேடிப் போவார். 2021-இல் பெருந்தொற்றின் இரண்டாம் அலைக்குப்பின் கருப்புப் பூஞ்சை சைனஸ் வழியே கண்ணையும் மூளையையும் தாக்கியதை நாமெல்லாம் செய்தித்தாள்களில் படித்தோம்.

பந்து பட்ட கதையை நான் பெரிய மருத்துவரிடம் சொன்னேன். என் தீர்ப்பையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். பாட்டே அப்படித்தான் நினைத்தார், நீ நினைத்ததில் வியப்பென்ன என்றார். தம்பிக்கு இது சளியால் வந்தது, பந்தின்மேல் பழி போடவேண்டாம் என்றும் சொன்னார். என் மனம் பாதி ஆறியது. மீதிப் பாதி அந்த ஒரு வாரத் தாமதத்தில் இருக்கிறது, அது ஆறவில்லை. ஸ்கேன் படத்தில் நெற்றி எலும்பின் இருபுறமும் சீழ் தெரிந்தது. 1760-இல் பாட் எழுதியதே அங்கே வெள்ளையும் கருப்புமாகத் தொங்கியது. காது மூக்குத் தொண்டை மருத்துவர் மூக்கின் வழியே விளக்குப் பொருத்திய மெல்லிய குழலைச் செலுத்தி, அடைபட்டிருந்த சைனஸ் வாயிலைத் திறந்தார். இம்முறைக்கு வழிவகுத்தவர் ஆஸ்திரிய நாட்டு மெஸ்ஸர்கிளிங்கர். அவர் நூல் 1978-இல் வந்தது. மூளை அறுவை மருத்துவர் முடிக்கோட்டுக்குப் பின்னே கீறி, எலும்புக்கு வெளியிலும் உள்ளேயும் இருந்த சீழை வடித்தார். நாங்கள் தாழ்வாரத்தில் ஐந்து மணி நேரம் நின்றோம். அதன்பின் ஆறு வாரம் சிரை வழியே மருந்து ஏறியது. அப்பா அந்த ஆறு வாரமும் அத்திப்பள்ளி வழியாகப் போய்வந்து, பாதி நாள் சம்பளம் இழந்தார்.

பாட்டின் பெயர் நிலைக்க இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் தொழிற்பேட்டைப் பகுதி மக்களுக்கு உரியது அதுவே என்பேன். அந்நாளில் இலண்டன் வீடுகளின் புகைபோக்கிகள் பெரியவர் நுழைய முடியாத குறுகல். ஏழை வீட்டுப் பிள்ளைகளை நான்கு, ஐந்து வயதிலேயே விலைக்கு வாங்கி, அவற்றுக்குள் ஏற்றிக் கரியைச் சுரண்டச் செய்தார்கள். சூடு ஆறாத குழாய்க்குள் உரசி, வெந்து, மூச்சு முட்டி அவர்கள் வளர்ந்தார்கள். குளிக்க நீர் கிடையாது. மாற்று உடையும் கிடையாது. வாலிபம் எய்தியபின் அவர்களில் பலருக்கு விதைப்பையின் தோலில் ஆறாப் புண் வந்தது. அதைக் கெட்ட நடத்தையால் வந்த நோய் என்று சொல்லி, பாதரச மருந்து கொடுத்து வந்தார்கள் மருத்துவர்கள். 1775-இல் பாட் அதை மறுத்தார். இது புற்றுநோய், தோல் மடிப்புகளில் படிந்த கரியே இதற்குக் காரணம், தொடக்கத்திலேயே அறுத்து எடுத்தால் பிழைக்கலாம் என்று எழுதினார். செய்யும் தொழிலால் புற்றுநோய் வரும் என்று ஒருவர் சான்றோடு காட்டியது அதுவே முதன்முறை. அச்சிறுவர்களின் துயரத்தை மருத்துவ நூலுக்குரிய நடையை மீறிய உருக்கத்தோடு அவர் எழுதியிருக்கிறார். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இத்தொழிலில் சேர்க்கக்கூடாது என்று 1788-இல் சட்டம் வந்தது. அது சரியாக நடைமுறைக்கு வரவில்லை. புகைபோக்கியில் பிள்ளைகள் ஏறுவது உண்மையில் நின்றது 1875-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்புதான். நூறாண்டு!

வேதியியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். கரியில் இருப்பது எது என்று தெரிய நெடுங்காலம் ஆயிற்று. 1915-இல் சப்பானிய அறிஞர்கள் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் தாரைத் திரும்பத் திரும்பத் தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டினார்கள். 1930-களில் தாரிலிருந்து பென்சோபைரீன் என்னும் சேர்மம் பிரித்தெடுக்கப்பட்டது. நம் பாடநூலில் பென்சீன் வளையங்களை அடுக்கி வரைகிறோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. பாட் திறந்த பாதை சைனஸுக்கும் வந்து சேர்ந்தது. வேல்சு நாட்டில் நிக்கல் தூய்மையாக்கும் ஆலைத் தொழிலாளருக்கு மூக்கு, சைனஸ் புற்று மிகுதியாக வந்தது 1930-களில் வெளிப்பட்டது. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற மேசை நாற்காலி செய்யும் ஊரில், எஸ்மி ஹாட்ஃபீல்டு என்ற பெண் மருத்துவர், தம்மிடம் சைனஸ் புற்றோடு வருவோர் பலர் தச்சர்களாகவே இருப்பதை 1960-களில் கவனித்தார். மரத்தூளே காரணம் என்று பின்னர் உறுதியாயிற்று. அவர்களுக்கும் தொடக்கத்தில் ஒரு பக்க மூக்கடைப்பு மட்டுமே இருந்திருக்கும். சளி என்றே நினைத்திருப்பார்கள்.

அப்பாவின் பட்டறையில் பறப்பது மரத்தூள் அல்ல, கல் தூசு. அது மூக்கைவிட நுரையீரலையே முதலில் தாக்கும் என்கிறார்கள். நீர் பாய்ச்சிக்கொண்டே அறுத்தால் தூசு அடங்கும். நீர் இல்லாத நாளும் உண்டு. அப்பா துண்டை மூக்கில் சுற்றிக்கொள்கிறார். பாட்டின் கதையை நான் சொன்னபோது அவர் அந்தப் புகைபோக்கிப் பிள்ளைகளின் இடத்தில் மட்டும் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1764-இல் பாட் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1765-இல் அறுவை மருத்துவர் சங்கத்தின் தலைவரானார். 1779-இல் முதுகெலும்பு கூனிக் கால் செயலிழக்கும் நோயைப் பற்றி எழுதினார். அது காசநோயின் ஒரு வடிவம் என்று இன்று அறிவோம். காசக் கிருமியைக் காக் கண்டுபிடித்தது 1882-இல். அந்நோயும் பாட் நோய் என்றே வழங்குகிறது. அறிஞர் சாமுவேல் ஜான்சன் முதலிய பெருமக்கள் அவரிடம் மருத்துவம் பார்த்துக்கொண்டார்கள். பின்னாளில் அறுவை மருத்துவத்தையே அறிவியலாக்கிய ஜான் ஹண்டர் அவரிடம் பாடம் கேட்டவர். வறுமையில் வாடிய அறுவை மருத்துவர்கள் மூவரை ஒரே நேரத்தில் தம் வீட்டில் வைத்துச் சோறிட்டார் என்று, அவர் மருமகன் ஜேம்சு ஏர்ல் எழுதிய வரலாறு கூறுகிறது. எனக்கு நூல்களைவிட இது பெரிதாகப் பட்டது.

1787-இல் மருத்துவமனைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பையனாக நுழைந்த வாசலைவிட்டு ஏறத்தாழ அறுபதாண்டு கழித்து வெளியேறினார். ஆனால் நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. 1788 திசம்பரில், கடுங்குளிரில், இலண்டனுக்கு இருபது மைல் தொலைவில் இருந்த ஒரு நோயாளியைப் பார்க்கப் போனார். திரும்பியதும் குளிர்காய்ச்சல் கண்டது. அது நுரையீரல் அழற்சியாக முற்றி, திசம்பர் 22-ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 74. அவர் உடல் இலண்டன் புனித மேரி ஆல்டர்மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் எழுத்துகளை மருமகன் தொகுத்து 1790-இல் வெளியிட்டார்.

ஜோசுவா ரெனால்ட்சு என்ற புகழ்பெற்ற ஓவியர் தீட்டிய பாட்டின் உருவப்படம் புனித பார்த்தலோமியோ மருத்துவமனையில் இருக்கிறது. அதன் படியை நான் தம்பிக்குக் காட்டினேன். அவன் இப்போது பத்தாம் வகுப்பு. படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, இவர் ஏன் பொய்முடி வைத்திருக்கிறார் என்று மட்டும் கேட்டான். அக்காலத்துப் பெரிய மனிதர்களின் வழக்கம் அது என்றேன். தம்பியின் நெற்றியில் இப்போது ஒன்றும் தெரியாது. தழும்பு தலைமுடிக்குள், ஒரு காதிலிருந்து மறு காதுவரை மெல்லிய கோடாக ஓடுகிறது. பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் எல்லாப் பையன்களையும் முடியை ஒட்ட வெட்டி வரச் சொன்னபோது, இவன் தலையைக் குனிந்து அந்தக் கோட்டைக் காட்டி விலக்கு வாங்கிவிட்டானாம்.